பிரியா இடைவெளி: எழுத்துக் கோப்பிலிருந்து அச்சுப் பக்கம் வரை – கேள்வி பதில்

மொரிஷியஸில் கோயில் விழா மலர்களையும் சங்க அறிக்கைகளையும் தமிழிலும் பிரெஞ்சிலும் தயாரிப்பவர்கள், வடிவமைப்பு ஏதுமற்ற வெற்று எழுத்துக் கோப்பை அச்சுப் பக்கமாக மாற்றுவது பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். இரண்டு சொற்களை ஒரே வரியில் பிடித்து வைக்கும் 'பிரியா இடைவெளி' எங்கே தேவை என்பதை எழுதும்போதே தீர்மானித்துக் குறித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பக்கம் அமைத்த பிறகு வரி வரியாகத் திருத்தினால், எழுத்தளவைச் சற்றே மாற்றியதும் அத்தனை உழைப்பும் வீணாகிவிடும்.

கேள்வி (ரோஸ் ஹில்): ஐயா, எங்கள் மலரில் 'நவம்பர்' ஒரு வரியிலும் '2' அடுத்த வரியிலும் விழுந்துவிட்டன. இதைத் தடுப்பது எப்படி?

பதில்: ஸ்பேஸ் பாரைத் தட்டினால் வரும் சாதாரண இடைவெளிக்கு ஒருங்குறியில் (யூனிகோட்) எண் 32, பிரியா இடைவெளிக்கு எண் 160. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும், ஆனால் மென்பொருள் முன்னதில் வரியை முறிக்கும், பின்னதில் முறிக்காது. '1834 நவம்பர் 2 அன்று அட்லஸ் கப்பல் ஒப்பந்தத் தொழிலாளருடன் போர்ட் லூயிஸ் வந்தது' என்ற வாக்கியத்தில் 'நவம்பர்' என்பதற்கும் '2' என்பதற்கும் நடுவே இதனை இட வேண்டும். வேர்டிலும் லிப்ரே ஆஃபிஸிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வேர்டில் மறைகுறிகளைக் காட்டச் செய்தால் சாதாரண இடைவெளி நடுப்புள்ளியாகவும், இது சிறு வட்டமாகவும் தெரியும். அனுப்பும் முன் அப்படி ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி (கத்ர் போர்ன்): தமிழில் எந்தெந்த இடங்களில் இது கட்டாயம்?

பதில்: தலைப்பெழுத்துக்கும் பெயருக்கும் நடுவே முதலில் இடுங்கள், 'சி.' என்பது வரிக் கடைசியில் தனித்து நின்று, 'சுப்பிரமணிய பாரதி' கீழே போனால் படிப்பவர் தடுமாறுவார். அடுத்து, எண்ணும் அதனோடு சேர்ந்து பொருள் தரும் சொல்லும்: '10 கிலோ', 'மாலை 6 மணி', 'கி.பி. 1834', 'பக். 12', 'குறள் 391'. போர்ட் லூயிஸ், ரோஸ் ஹில் போன்ற ஊர்ப்பெயர்களை முகவரியிலும் தலைப்பிலும் பிரிக்காமல் வைத்தால் போதும். கட்டுரையின் ஓட்டத்தில் அவை பிரிந்தாலும் குறையில்லை.

இதைவிட முக்கியமானது, அளவோடு நிறுத்திக்கொள்வது. தமிழ்ச் சொற்கள் இயல்பாகவே நீளமானவை. விகுதியும் வேற்றுமை உருபும் ஒட்டி இன்னும் நீளும். ஆகவே மூன்று பத்தியாக மடிக்கும் துண்டறிக்கையில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்களே அடங்கும். அங்கே 'மகாகவி சி. சுப்பிரமணிய பாரதியாரின்' என்பதை முழுவதுமாகப் பிணைத்தால், அந்தத் தொடர் அப்படியே அடுத்த வரிக்குப் போய், மேல்வரியில் மிஞ்சும் சொற்களுக்கிடையே பெரும் பள்ளங்கள் விழும். 'சி.' என்பதையும் 'சுப்பிரமணிய' என்பதையும் மட்டும் பிணையுங்கள். மற்ற இடைவெளிகள் சாதாரணமாகவே இருக்கட்டும்.

கேள்வி (போ பாசன்): எழுத்துக் கோப்பில் கவனமாக இட்டு அச்சகத்துக்கு அனுப்பினேன். அங்கே ஒன்றுகூட இல்லை என்கிறார்கள்.

பதில்: மின்னஞ்சலிலோ அரட்டைச் செயலியிலோ ஒட்டி அனுப்பும்போது 160 பல நேரங்களில் 32ஆக மாறிவிடும்; கண்ணுக்குத் தெரியாத குறி என்பதால் இழப்பும் தெரியாது. வெற்றுக் கோப்பில் கண்ணுக்குத் தெரியும் ஒரு குறியை இட்டு, ஏற்றுமதி செய்யும் கட்டத்தில் அதை மாற்றுவதே பாதுகாப்பு. டெக்ஸ் என்ற பக்க அமைப்பு மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு அலைக்குறியே (~) பிரியா இடைவெளி. 'நவம்பர்~2' என்று எழுதினால் வேலை முடிந்தது. பாண்டாக் என்பது கோப்புகளை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் மென்பொருள்; மார்க்டவுன் என்பது எளிய குறிகளால் வடிவமைப்பைக் காட்டும் எழுத்து முறை. பாண்டாக்கின் மார்க்டவுனில் அலைக்குறி கீழெழுத்துக்கு உரியது, ஆகவே அங்கே பின்சாய்கோடும் அதையடுத்து ஒரு ஸ்பேஸும் இடுங்கள். டெக்ஸ், வேர்டு, இணையப் பக்கம் என எந்த வடிவுக்குப் போனாலும் அது உரிய குறியாக மாறும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் நேரடியாக ஒட்டுபவர்கள் கோப்பில் அலைக்குறி இட்டு, ஒட்டிய பிறகு கண்டறிந்து மாற்றும் வசதியால் ஒரே முறையில் மாற்றலாம். இணைய முகவரிகளில் உள்ள அலைக்குறியைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இடைவெளிக்கு முன் தொப்பி அணிந்த பெரிய 'ஏ' என்ற லத்தீன் எழுத்து முளைத்தால், ஒருங்குறியைச் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையிலான கோப்பைப் பழைய லத்தீன் குறியாக்கத்தில் திறந்திருக்கிறார்கள் என்று பொருள்.

கேள்வி (வக்வா): 'திரு.', 'கி.பி.' ஆகியவை நூற்றுக்கணக்கில் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் கையால் இட வேண்டுமா?

பதில்: வேண்டாம். பாண்டாக்கில் சுருக்கக்குறிப் பட்டியல் ஒன்றைத் தரலாம். அதில் வரிக்கு ஒன்றாக எழுதிய சுருக்கங்களை மார்க்டவுன் கோப்பில் காணும்போதெல்லாம் அதுவே பின்னால் பிரியா இடைவெளியை இடும். பட்டியலில் உள்ள சுருக்கத்துக்குள் ஸ்பேஸ் இருக்கக்கூடாது என்பதால் 'கி. பி.' என்று எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி (கியூர்ப்பிப்): எங்கள் மலரில் பாதி பிரெஞ்சு. கேள்விக்குறி அடுத்த வரியில் தனியாக விழுகிறது.

பதில்: பிரெஞ்சு அச்சு மரபில் கேள்விக்குறி, வியப்புக்குறி, அரைப்புள்ளி ஆகியவற்றுக்கு முன் குறுகிய பிரியா இடைவெளி வரும், அதன் எண் 8239. முக்காற்புள்ளிக்கு முன்னும் கோண மேற்கோள்களின் உட்புறத்திலும் 160 வரும். ஆயிரங்களைப் பிரிக்கவும் குறுகியதே பொருத்தம்: 'ரூ 1 500'. டெக்ஸில் பிரெஞ்சுக்குரிய பேபல் தொகுப்பு நிறுத்தக்குறி இடைவெளிகளைத் தானே பார்த்துக்கொள்ளும். வேறு மென்பொருளுக்கு அனுப்பினால் எழுத்துருவைச் சோதியுங்கள், ஏனெனில் பல எழுத்துருக்களில் 8239 இல்லாமல் கட்டம் விழக்கூடும். தமிழ்ப் பகுதிக்கு இவ்விதி பொருந்தாது. தமிழில் கேள்விக்குறி சொல்லை ஒட்டியே நிற்கும்.

கேள்வி (ரோஸ் ஹில்): குறளின் வரிகள் உடையாதிருக்க எல்லாச் சீர்களையும் பிணைக்கலாமா?

பதில்: கூடாது. முதலடியின் நான்கு சீர்களையும் பிணைத்தால், பத்தி குறுகியதாக இருக்கும்போது அடி ஓரத்தைத் தாண்டி வெளியே நீளும். அடி அமைப்பைக் காக்கும் வேலை வேறு குறிக்கு உரியது: பாண்டாக்கில் ஒவ்வோர் அடியையும் செங்குத்துக் கோட்டுடன் தொடங்கினால் அடிகள் அடிகளாகவே நிற்கும், முன்னால் விட்ட இடமும் மாறாது. பிரியா இடைவெளியை முதலடியின் கடைசி இரண்டு சீர்களுக்கு நடுவே மட்டும் இடுங்கள்; அடி மடிய நேர்ந்தாலும் ஒற்றைச் சீர் தனித்துக் கீழே விழாது.