மாமா தோட்டத்துக் கட்டை வேண்டாம்: மலைவாழையில் முடிக்கொத்து நோய்

கேள்வி: பண்ணைக்காட்டில் காப்பிக்கு ஊடாக விருப்பாச்சி என்ற மலைவாழை வைத்திருக்கிறோம். இந்த வருடம் சில தூர்களில் குருத்து விரியாமல் உச்சியில் கொத்தாக நிற்கிறது, தார் தள்ளவில்லை. அவற்றை வெட்டிவிட்டு, அப்பா காலத்து வழக்கப்படி ஆடலூரில் மாமா தோட்டத்திலிருந்து கட்டை (நடவுக்கான கிழங்கு) கொண்டுவந்து நடலாமா? இல்லை, வாழையை விட்டுவிட்டு மிளகோடு நிறுத்திக்கொள்ளட்டுமா?

பதில்: வாழையை விட வேண்டியதில்லை. மாமா கொடுக்கும் கட்டை மட்டும் வேண்டாம்.

நீங்கள் சொல்வது முடிக்கொத்து நோய் மாதிரித்தான் இருக்கிறது. இருந்தாலும் வெட்டும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள், துத்தநாகச் சத்துக் குறைந்தாலும் இலை குறுகும். சந்தேகமான தூரில் இளம் இலை ஒன்றைப் பிடித்து, அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பாருங்கள். பக்க நரம்புகளின் மேல் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக விட்டு விட்டு ஓடியிருக்கும். நடுநரம்பைத் தொடும் இடத்தில் அந்தக் கோடு கொக்கி போல வளையும். இலைக்காம்பிலும் அதே நிறத்தில் கீற்று தெரியும். இலையை மடக்கினால் துவளாமல் படக்கென்று ஒடியும். இத்தனையும் இருந்தால் சத்துக்குறை என்று மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள்.

இது வைரஸ். பிடித்த தூரைக் குணப்படுத்த மருந்தே கிடையாது. ஒரு தூரில் வந்துவிட்டால் அதிலிருந்து கிளம்பும் பக்கக்கன்று எல்லாவற்றுக்கும் வரும். வெட்டுக்கத்தியாலோ மண்ணாலோ பரவாது. பரப்புவது இரண்டுதான்: வாழை அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி ஒன்று, நாம் தூக்கிக்கொண்டு போகும் கட்டை இன்னொன்று.

இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதிதாகத் தோட்டம் போடுகிறவருக்குச் சொந்தக்காரர்கள் கட்டை கொடுப்பது மலையில் பழைய வழக்கம். நோய் இல்லாத காலத்தில் அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நோய் கீழ்ப்பழனி மலைக்குள் நுழைந்த பிறகு அந்தத் தலைச்சுமையோடுதான் ஊர் ஊராகப் போனது. 1970-களில் சுமார் 18,000 ஹெக்டேர் இருந்த மலைவாழை 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியதற்கு முக்கியக் காரணம் இந்த முடிக்கொத்துதான். மாமா தோட்டத்து வாழை இன்றைக்குப் பச்சைப்பசேலென்று இருக்கலாம். அசுவினி கடித்து ஒன்றிரண்டு மாதம் கழித்துத்தான் இலையில் அடையாளம் தெரியும். கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் யாராலும் சொல்ல முடியாது. இதை மாமாவிடமும் பக்குவமாகச் சொல்லுங்கள், அவர் தோட்டத்துக்கும் நல்லது.

வெட்டும் முறைக்கு வருவோம். பலரும் நோய்த் தூரைக் கண்ட கோபத்தில் அரிவாளை எடுத்து வீசிவிடுவார்கள். அப்படிச் செய்தால் அதில் இருக்கும் அசுவினி கலைந்து பக்கத்து வாழைக்குப் போய்விடும். முதலில் அதைக் கொல்ல வேண்டும். குருத்துச் சுருளுக்குள்ளும், மட்டை இடுக்கிலும், அடித்தண்டில் மண்ணை ஒட்டியும் கருப்பாக மொய்த்திருக்கும். எறும்பு சாரை போகிற இடத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். அந்த இடங்கள் நனைய நனைய சோப்புக் கரைசலை அடியுங்கள். தூர் நிறைய இருந்தால் என்ன பூச்சிமருந்து, எவ்வளவு என்று தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டு அடியுங்கள். முன்பு சிபாரிசில் இருந்த சில மருந்துகள் இப்போது தடையில் இருக்கின்றன, கடைக்காரர் பேச்சை மட்டும் கேட்க வேண்டாம். மறுநாள் அசுவினி செத்ததைப் பார்த்துவிட்டு, தூரைக் கிழங்கோடு தோண்டி எடுத்துத் துண்டு துண்டாக நறுக்கிக் காயவிடுங்கள். கைப்பிடிக் கிழங்கு மண்ணில் தங்கினாலும் முளைத்து வரும், அந்த முளையில் நோயும் இருக்கும்.

அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். ஓடைக்கரையிலும், வேலி ஓரத்திலும், ஆள் பார்க்காத காப்பித் தோட்டத்திலும் கேட்பாரற்று நிற்கும் வாழைதான் அசுவினிக்குத் தாய்வீடு. பக்கத்துத் தோட்டக்காரரும் சேர்ந்து வெட்டாவிட்டால் உங்கள் உழைப்பில் பாதி வீண்.

மறுபடி நட, வைரஸ் சோதனை செய்த திசு வளர்ப்புக் கன்று (ஆய்வகத்தில் வளர்த்தது) வாங்குங்கள். தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலும் திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்திலும் விசாரியுங்கள். தனியார் நாற்றங்காலில் வாங்கினால் சோதனைச் சான்று கேளுங்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: திசு வளர்ப்புக் கன்றுக்கு நோய் எதிர்ப்பு எதுவும் கிடையாது. சுத்தமாக வருகிறது, அவ்வளவுதான். நோய்த் தூர் பக்கத்தில் நின்றால் அதையும் பிடிக்கும். அதனால் பழையதை முழுக்க ஒழித்த பிறகே நடவு.

மிளகோடு நிறுத்துவது பற்றி: எனக்கு அதில் சம்மதமில்லை. விருப்பாச்சியின் சதையில் ஈரம் குறைவு, தோல் சுருங்கினாலும் உள்ளே கெட்டியாக இருக்கும். பழனி பஞ்சாமிர்தம் கெடாமல் இருப்பதற்கு இந்தப் பழமும் ஒரு காரணம். பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, விருப்பாச்சி வாழைக்கு அதற்கு முன்பே உண்டு. கோயில் இருக்கும் வரை இந்தத் தாருக்குக் கேட்பு இருக்கும்.

இப்போதே கன்றுக்குச் சொல்லி வையுங்கள், கேட்ட அன்றே கிடைக்காது. மானாவாரி நிலம் என்பதால் மழை பிடித்த பிறகு குழியில் இறக்குங்கள். 12 அடிக்கு 12 அடி இடைவெளி விடுங்கள். அதுவரை வெட்டிய இடத்தில் பீன்ஸ் போடலாம். சேம்பு வேண்டாம், வாழை அசுவினி அதிலும் தங்கும்.