கச்சான் காற்றில் சைக்கிள்: எந்தக் கண்ணாடி சரி?

கேள்வி: எனக்கு வயது 47, ஊர் தங்கச்சிமடம். விடியுமுன் கிளம்பி தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை சைக்கிளில் போய் வருவேன். இரண்டு கண்ணிலும் பவர் மைனஸ் 2.5. ஒரு வருஷமாக ப்ரோக்ரெசிவ் கண்ணாடி போடுகிறேன். காற்றில் கண்ணீர் கொட்டுகிறது, மணல் விழுகிறது, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ரோடு மங்கலாகத் தெரிகிறது. கூலிங் கிளாஸ் போதுமா, கான்டாக்ட் லென்ஸ் போடலாமா?

பதில்: ரோடு மங்குவது ப்ரோக்ரெசிவ் கண்ணாடியால்தான். அதன் கீழ்ப்பகுதியில் இருப்பது கையில் பிடித்துப் படிப்பதற்கான பவர். சைக்கிளில் கண்ணை மட்டும் தாழ்த்தினால், தள்ளி இருக்கும் ரோட்டை அந்தப் பகுதி வழியாகத்தான் பார்ப்பீர்கள். முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும் காற்று ரோட்டில் மணலை ஏற்றிவிடுகிறது. அந்த மணல் திட்டு கண்ணுக்குத் தப்பினால் டயர் வழுக்கும், ஆள் விழுவார். ஆகவே தூரப்பார்வை பவர் மட்டும் போட்டு, சைக்கிளுக்கென்றே தனிக் கண்ணாடி செய்துகொள்ளுங்கள். போன் பார்க்க வேண்டுமா? வண்டியை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றுங்கள். உங்கள் பவருக்கு 40 செ.மீ. தூரத்தில் வெறுங்கண்ணிலேயே எழுத்து தெளிவாகத் தெரியும்.

லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். விழுந்தாலும் எளிதில் உடையாது, புற ஊதாக் கதிரையும் தடுக்கும். கண்ணாடிச் சில்லு லென்ஸ் சைக்கிளுக்கு வேண்டவே வேண்டாம்.

ஃபிரேமில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் மணல் பக்கவாட்டில் இருந்து வரும். கன்னத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே விரல் நுழைந்தால் மணலும் நுழையும். கடையிலேயே போட்டுக்கொண்டு, சைக்கிள் ஓட்டுவதுபோல் குனிந்து, தலையை ஆட்டிப் பாருங்கள். மூக்கில் இருந்து நழுவக்கூடாது. கொஞ்சம் வளைந்த ஃபிரேம் போதும். முகத்தைச் சுற்றி ரொம்ப வளைந்ததில் சாதாரண பவர் லென்ஸைப் பொருத்தினால் ஓரங்கள் கோணலாகித் தலை சுற்றும். அதுதான் வேண்டும் என்றால், வளைவுக்கு ஏற்பப் பவரைத் திருத்திச் செய்யச் சொல்லுங்கள்.

பவர் இல்லாத கூலிங் கிளாஸ் உங்களுக்கு உதவாது. இருட்டில் கிளம்புகிறவர் கறுப்பு லென்ஸ் போடுவது ஆபத்தும்கூட. வெயிலில் தானாகக் கறுக்கும் போட்டோக்ரோமிக் லென்ஸ் உங்களுக்குச் சரிவரும். நம் ஊர்ச் சூட்டில் அது முழுசாகக் கறுக்காது, பரவாயில்லை. விடிந்தபின் கிளம்புகிறவர்கள், இருபுறக் கடலின் கூச்சம் தணிய போலரைஸ்டு லென்ஸ் கேட்கலாம்.

கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம் என்பேன். காற்றில் லென்ஸ் காய்ந்துவிடும். அதற்கடியில் ஒரு மணல் துகள் சிக்கினால் கருவிழியைக் கீறும்.

வீட்டுக்கு வந்ததும் உப்பு படிந்த லென்ஸைத் துண்டால் துடைக்காதீர்கள், கீறல் விழும். முதலில் குழாய் நீரில் அலசுங்கள், அப்புறம் மெல்லிய துணி. கண்ணில் மணல் விழுந்தால் கசக்காமல் சுத்தமான குடிநீரால் கழுவுங்கள். உறுத்தல் மறுநாளும் இருந்தாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ கண் டாக்டரிடம் போய்விடுங்கள். மூக்குப் பக்கத்து வெள்ளை விழியில் இருந்து சதை கருவிழியை நோக்கி வளர்கிறதா என்றும் அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெயிலிலும் கடற்காற்றிலும் அதிகம் இருப்பவர்களுக்கு அது வருவதுண்டு.