முதல் கேம்பிங் கத்தி: இரண்டாயிரம் ரூபாய்க்குள் எதை வாங்கலாம்?

கேள்வி: கோவையில் இருக்கிறேன். நண்பர்கள் நான்கு பேர் வருடத்துக்கு மூன்று முறையாவது வால்பாறை, கொல்லிமலைப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்குகிறோம். சமையலும் நாங்களேதான். இதுவரை வீட்டுக் காய்கறிக் கத்தியைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போனோம். நல்லதாக ஒன்று வாங்கலாம் என்று இணையத்தில் தேடினால் 300 ரூபாயிலிருந்து 20,000 வரை காட்டுகிறது. 'ஏழு இஞ்ச் நீளமும் ஃபுல் டாங்கும் இல்லாத கத்தியைத் தொடாதே' என்கிறான் நண்பன். என் பட்ஜெட் 2,000 ரூபாய். எதை வாங்கட்டும்?

பதில்:

போன தடவை முகாமில் கத்தியை எதற்கெல்லாம் எடுத்தீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய். மசாலா பாக்கெட்டின் வாய். கூடாரக் கயிறு. அடுப்புப் பற்றவைக்க நாலு சுள்ளி சீவியிருப்பீர்கள். இருபது வருடமாக மலைக்குப் போய் வருகிறேன், என் கத்தி செய்த வேலையும் பத்தில் ஒன்பது பங்கு இவ்வளவுதான். இதற்கு வேண்டியது நான்கு இஞ்ச் நீளமும் மெல்லிய அலகும் கொண்ட, துருப்பிடிக்காத ஒரு கத்தி. ஏழு இஞ்ச் கத்தி இந்த வேலைகளை மோசமாகத்தான் செய்யும்.

ஏன் என்று ஒரு கேரட்டை வைத்தே பார்க்கலாம். ஐந்து மில்லிமீட்டர் தடிப்புள்ள 'சர்வைவல்' கத்தியால் கேரட்டை நறுக்கினால் பாதி ஆழம் இறங்கியதும் 'டக்' என்று பிளந்துவிடும். கத்தி அங்கே அறுக்கவில்லை, ஆப்பு மாதிரி நெம்புகிறது. தக்காளி என்றால் நசுங்கும். அதே கேரட்டை இரண்டரை மில்லிமீட்டர் அலகால் வெட்டுங்கள், வட்டம் வட்டமாக விழும். எவ்வளவு கூராகத் தீட்டினாலும் இந்த வித்தியாசம் மாறாது, ஏனென்றால் கூர் உள்ளே போன பிறகு பின்னால் வரும் தடிப்பும் அந்த வழியாகத்தானே நுழைய வேண்டும்?

நேராகப் பெயரைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு என் சிபாரிசு ஸ்வீடனில் செய்யும் மோராக்னிவ் கம்பேனியன், அதிலும் ஸ்டெயின்லெஸ் ரகம். அலகு ஏறத்தாழ 10 செ.மீ., தடிப்பு 2.5 மி.மீ. ரப்பர் கலந்த கைப்பிடி, ஈரக்கையிலும் வழுக்காது. பிளாஸ்டிக் உறை கூடவே வரும். அலகில் இருப்பது 12சி27 என்ற ஸ்வீடன் எஃகு. கடினம் ராக்வெல் அளவில் 56 முதல் 58 வரை, அதாவது கூர் சில நாட்கள் நிற்கும், மழுங்கினாலும் சாதாரணக் கல்லிலேயே திரும்ப வந்துவிடும். மோரா என்பது ஸ்வீடன் நாட்டின் டாலர்னா பகுதியில் ஓர் ஊர். 1891-லிருந்து அங்கே இந்தக் கம்பெனியின் தொழில் நடக்கிறது. தச்சரும் கட்டட வேலைக்காரரும் இடுப்பில் மாட்டிக்கொண்டு திரியும் வேலைக் கத்தி இது. அலங்காரத்துக்கு அதில் காசு போகாததால்தான் விலை குறைவு. இறக்குமதிச் செலவு சேர்ந்து இங்கே உங்கள் பட்ஜெட்டின் விளிம்பில், சில சமயம் கொஞ்சம் மேலே நிற்கும். இந்தியாவிலேயே கையிருப்பு வைத்து பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டு அலைய நேரலாம்.

இப்போது உங்கள் நண்பர் சொன்ன ஃபுல் டாங். கைப்பிடிக்குள் புகுந்திருக்கும் இரும்பு கடைசிவரை ஓடினால் அதுதான் ஃபுல் டாங். உறுதியான அமைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் கம்பேனியனில் அந்த இரும்பு முழு நீளத்துக்கும் போவதில்லை. அப்படியிருந்தும் மணிக்கட்டுத் தடிமன் விறகை அதன் முதுகில் கட்டையால் தட்டித் தட்டிப் பிளந்திருக்கிறேன். அதைத் தினசரி வேலையாக வைத்துக்கொள்ள வேண்டாம். கணுவில்லாத, நேராக நார் ஓடும் விறகாகப் பார்த்து எடுங்கள், கத்தியைப் பக்கவாட்டில் நெம்பாதீர்கள். கத்திகள் பெரும்பாலும் உடைவது தட்டும்போது அல்ல, மாட்டிக்கொண்ட அலகை ஆட்டி எடுக்கும்போதுதான்.

உண்மையிலேயே பயப்பட வேண்டிய கைப்பிடி வேறு ஒன்று இருக்கிறது. உள்ளே குழலாக, மூடியில் திசைகாட்டி, குடைவுக்குள் தூண்டில் முள், தீக்குச்சி, அலகின் முதுகில் ரம்பப் பல்: 500 ரூபாய்க்குப் பார்க்க ஆசையாக இருக்கும். கல்லூரி நாட்களில் நானும் ஆசைப்பட்டு ஒன்று வாங்கினேன். கொல்லிமலையில் இரண்டாம் நாள் காலை, தேங்காய் மட்டையில் அழுத்தியபோது அலகு தனியாக மட்டையிலும் பிடி தனியாக என் கையிலும் நின்றது. உள்ளே பார்த்தால் சுண்டுவிரல் நுனி அளவு இரும்பும் ஒரு நட்டும்தான். கைக்கு ஒன்றும் ஆகாதது அதிர்ஷ்டம். (தேங்காய்க்கு அரிவாள் கொண்டு போங்கள். எந்த கேம்பிங் கத்தியும் அதற்கானது அல்ல.)

மலிவுக் கத்திகளில் எழுதியிருக்கும் எழுத்துகளையும் கொஞ்சம் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்பது எந்த எஃகையும் குறிக்காத விளம்பரச் சொல். '440' என்று மட்டும் இருந்தால் ஏ-யா, பி-யா, சி-யா என்று கேளுங்கள். கூரை நிற்கவைக்கும் கார்பன் 440ஏ-யில் 0.60 முதல் 0.75 சதவீதம், 440சி-யில் 0.95 முதல் 1.20 சதவீதம். நல்லது இருந்தால் எந்தக் கம்பெனியும் அந்த எழுத்தை மறைக்காது. '3சிஆர்13' என்றால் கார்பன் 0.3 சதவீதம் அளவில்தான், கூர் சீக்கிரம் படுத்துவிடும். அப்புறம், ஆயிரம் ரூபாய்க்கு 'டமாஸ்கஸ்', அதாவது அலை அலையாகக் கோலம் ஓடும் எஃகு. தென்னிந்திய உருக்கு கடல் கடந்து போய் மேற்காசியாவில் வாளாகிப் பெயர் வாங்கியது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் பழைய உலைகளின் தடயம் கிடைத்திருக்கிறது. அந்தப் பெருமைக்கும், மேலாக லேசரில் கோலம் போட்ட அலகுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மோராவைக் கடையில் பார்க்கும்போது கார்பன் ஸ்டீல் ரகமும் கண்ணில் படும். கூர் ஏற்றுவது சுலபம் என்று சிலர் அதையே சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அதை நான் சொல்ல மாட்டேன். வால்பாறைச் சாரலில் ராத்திரி வெளியே மறந்து வைத்தால் காலையில் செம்பொடி பூத்திருக்கும். எலுமிச்சையோ மாங்காயோ நறுக்கினால் அலகு கறுக்கும், காயிலும் இரும்பு வாடை அடிக்கும். ஒவ்வொரு முறையும் துடைத்து எண்ணெய் தடவும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் தாராளமாக வாங்கலாம். நான்கு பேர் மாற்றி மாற்றி எடுக்கும் கத்திக்கு அது ஒத்துவராது.

மடக்குக் கத்திதான் பிடிக்கும் என்றால் பிரான்ஸின் ஓப்பினெல் 8-ஆம் எண். சவாய் மலைப்பகுதியில் 1890-இல் ஜோசப் ஓப்பினெல் செய்ய ஆரம்பித்தது. அலகு 8.5 செ.மீ. கழுத்தில் சுழலும் வளையம் ஒன்று உண்டு, 1955-இல் வந்தது. அதைத் திருகினால் அலகு மடங்காது. காய் நறுக்க இதற்கு இணை எனக்குத் தெரிந்து இந்த விலையில் இல்லை. குறை என்னவென்றால் பிடி பீச் (beech) மரம், மழையில் ஊறினால் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும். அப்போது நகத்தைப் பெயர்த்துக்கொள்ள வேண்டாம். பிடியின் பின்முனையை ஒரு கட்டையில் 'டொக்' என்று தட்டுங்கள், அலகு கொஞ்சம் தலைகாட்டும், பிடித்து இழுத்துவிடலாம். சவாய்க்காரர்களே அப்படித்தான் திறக்கிறார்கள். விறகு பிளக்க மட்டும் இதைத் தொடவே கூடாது. பூட்டு இல்லாத எந்த மடக்குக் கத்தியிலும் முனையால் குத்தி அழுத்தும் வேலை வேண்டாம். மடங்கினால் நேராக விரல் மேல்தான் வரும்.

பட்ஜெட் இன்னும் இறுக்கமாக இருந்தால், விக்டோரினாக்ஸின் சின்ன சமையலறைக் கத்தி, பத்து செ.மீ. நீளம், சில நூறு ரூபாய்தான். தடித்த அட்டையை மடித்து டேப் ஒட்டி உறை செய்துகொள்ளுங்கள். சமையலும் கயிறும் மட்டுமே என்றால் இதுவே போதும், மேலே படிக்காமல் இதையே வாங்கினாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

கொல்லர் பட்டறை என்ற வழியும் உண்டு. லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து அடித்துக் கொடுக்கும் கத்தி நல்ல கையில் அருமையாக அமையும். ஆனால் பட்டறையில் அரிவாள் பழக்கத்தில் தடிப்பாக அடித்துவிடுவார்கள். 'மூணு மில்லிக்கு மேல வேணாம்ணே, காய் நறுக்கணும்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாங்கும்போது அவரிடமே ஒரு பழைய அரம் கேட்டு விளிம்பில் லேசாக இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனாலோ, கஷ்டப்பட்டுக் கடித்தாலோ துவைச்சல் (இரும்பைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குவது) சரியாக இருக்கிறது. வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கினால் வேண்டாம்.

கூர் தீட்டுவதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல கத்தி வாங்கியவர்களும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கையில் எடுத்ததும் மோராவின் அலகில் பாதி உயரத்துக்குக் கீழே பளபளப்பான சரிவு ஒன்று தெரியும். அந்தச் சரிவு கூர்வரை ஏறத்தாழ ஒரே தளமாகப் போகிறது. கல்லை நனைத்து வையுங்கள். சரிவைக் கல்லின் மேல் படுக்கவைத்து, கல்லுக்கும் சரிவுக்கும் நடுவே வெளிச்சம் தெரியாதபடி விரலால் அழுத்துங்கள். கோணத்தைக் கத்தியே பிடித்துக்கொள்ளும், நீங்கள் மதிப்பிட வேண்டியதில்லை. கூரை முன்னால் விட்டு, கல்லிலிருந்து மெல்லிய ஏடு சீவுவதுபோலத் தள்ளுங்கள். சில தடவைக்குப் பிறகு மறுபக்க விளிம்பில் கட்டைவிரலைக் குறுக்காக, வெளிப்புறமாகத் தடவினால் மெல்லிய சொரசொரப்பு தட்டும். பிசிறு வந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது திருப்பிப் போட்டு அடுத்த பக்கம். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் கூரைப் பின்னுக்கு இழுத்து இருபது தடவை. தக்காளித் தோலில் அழுத்தாமல் வைத்து இழுத்தால் இறங்க வேண்டும். 1000 எண் கல் (எண் கல்லின் சொரசொரப்பைக் குறிக்கும்) ஒன்று போதும். காட்டில் கல் இல்லையென்றால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மெருகு பூசாத வளையம் இருக்கும், அவசரத்துக்கு அதிலேயே தீட்டலாம்.

தெருவில் சக்கரத்தோடு வருபவரிடம் இந்தக் கத்தியைக் கொடுக்காதீர்கள். அவர் தொழிலைக் குறை சொல்லவில்லை, அரிவாள்மணைக்கும் கத்தரிக்கோலுக்கும் அவரிடம்தான் நானும் போகிறேன். ஆனால் உலர்ந்த சக்கரத்தில் பொறி பறக்கும்போது மெல்லிய விளிம்பு சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் துவைச்சல் போய்விட்டது, அங்கே கூர் நிற்காது.

சட்ட விஷயம் இரண்டு. ஆயுத விதிகளில் உரிமம் பற்றிய பேச்சு வருவது 9 இஞ்ச்சுக்கு மேல் நீளமோ 2 இஞ்ச்சுக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளுக்கு. வீட்டு, விவசாய உபயோகத்துக்கானவை அதிலும் சேராது. நான்கு இஞ்ச் கத்தி அந்த வரம்புக்குள் வராது. ஆனால் காட்டு விஷயம் வேறு. 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்ற சொல்லுக்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே கத்தியும் இருக்கிறது. எழுத்து மூலம் முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு போகக் கூடாது என்கிறது அதன் 31-ஆம் பிரிவு. நீங்கள் வால்பாறை போகும் வழி ஆனைமலை புலிகள் காப்பகத்தைத் தொட்டுத்தான் போகிறது. அதனால் அந்த அனுமதியைப் பற்றி வனத்துறையிடம் முன்பே கேட்டுவிடுங்கள். கத்தியை இடுப்பில் மாட்டாமல் சமையல் பாத்திரத்தோடு பைக்குள் வையுங்கள். சோதனைச் சாவடியில் கேட்டால் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், வேண்டாம் என்றால் வண்டியிலிருந்து வெளியே எடுக்காதீர்கள். விமானத்தில் என்றால் செக்-இன் பையில் மட்டும்.

கத்தி வந்ததும் நண்பர்கள் நால்வரும் பழக வேண்டியது ஒன்றுதான். சீவ உட்காரும்போது உறையோடு கத்தியைப் பிடித்துக் கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அந்த வட்டத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது. சுள்ளியைத் தொடைகளுக்கு நடுவே வைத்துச் சீவவே வேண்டாம், உள்தொடையில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. முழங்காலுக்கு வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொள்ளுங்கள். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்தியபடியே இருங்கள், எட்டிப்பார்க்க எடுத்து எடுத்து விடாதீர்கள். ரத்தம் நிற்கவில்லை என்றால் 108. வால்பாறையில் சில வளைவுகளில் சிக்னல் இருக்காது, எங்கே இருக்கும் என்று கூடாரம் போடும்போதே பார்த்துவையுங்கள்.

ஊர் திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு ராத்திரி உறைக்கு வெளியே காயவையுங்கள். உறைக்குள்ளும் தண்ணீர் ஊற்றி அலசிக் கவிழ்த்துவிடுங்கள். வெங்காயத் தோலும் மண்ணும் அடியில் சேர்ந்திருக்கும்.