கராஜ் லைட் பற்றிக் கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்லுறன்

எல்லாருக்கும் வணக்கம். நான் கொழும்பு வெள்ளவத்தை, வயரிங் வேலைக்கு வந்து 22 வருசம். போன கிழமை ஒரு வீட்டுக்கு கராஜ் லைட் மாத்தப் போனன், பழைய ஹோல்டரைக் கழட்டினா உள்ளுக்கு வயர் கருகி மேல மரச்சட்டமும் கரிஞ்சு கிடக்கு, ஆனா அந்த வீட்டுக்காரர் என்னட்டக் கேட்டது எத்தினை வாட் எல்ஈடி போட்டா பில் குறையும் எண்டு மட்டும்தான். பில்லும் முக்கியம்தான், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா கராஜ் எண்டது ஈரம், பெட்ரோல், இரும்பு, வெறுங்கால் எல்லாம் ஒண்டா வாற இடம். அதால ரெண்டையும் சேத்தே கேளுங்கோ.

கேள்வி (தெஹிவளை, ஒரு அக்கா): தம்பி, எங்கட கராஜ் 10க்கு 20 அடி, ஒரு கார் நிக்கும். பழைய 4 அடி டியூப் ஒண்டு இருக்கு. எல்ஈடி போட்டா எவ்வளவு மிச்சம் வரும், எத்தினை லைட் வேணும்?

பதில்: அக்கா, அந்த டியூப் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் எரியுது எண்டதிலதான் எல்லாம் இருக்கு. பழைய டியூப் 36 வாட், அதை எரிய வைக்க பிட்டிங்குக்குள்ள இருக்கிற இரும்பு சோக் ஒரு 9 வாட் போல எடுக்கும், மொத்தம் 45 எண்டு வைப்பம். கார் எடுக்கவும் விடவும் கால் மணித்தியாலம்தான் எரியுதெண்டா மாசத்துக்கு அரை யூனிட்டும் வராது, 18 வாட் எல்ஈடிக்கு மாத்தி வாற மிச்சத்தில ஒரு பணிஸ்கூட வாங்கேலாது. அதே டியூப்பைக் கள்ளர் பயத்துக்கு விடிய விடிய 12 மணித்தியாலம் எரியவிட்டா மாசம் 16 யூனிட், 18 வாட் எல்ஈடி ஒண்டு எண்டா ஆறரை யூனிட் (ரெண்டு போட்டா அதின்ர ரெட்டிப்பு), ஆள் அசைஞ்சா மட்டும் எரிய வைக்கிற சென்சர் போட்டு உண்மையில ஒரு மணித்தியாலம் மட்டும் எரிஞ்சா சென்சர் சும்மா நிக்கேக்க எடுக்கிறதையும் சேத்து ஒரு யூனிட்டுக்குள்ள. எங்கட பில் படிபடியா ஏறுறது, 60, 90, 120 எண்டு தாண்டத் தாண்ட யூனிட் விலையும் கூடும், நீங்க ஒரு படியின்ர விளிம்பில நிக்கிற வீடு எண்டா அந்தப் பத்து யூனிட் பெரிசு.

வாங்கேக்க வாட்டைப் பாக்காதேங்கோ, பெட்டியில லூமென், அதான் வெளிச்சத்தின்ர அளவு, எவ்வளவு போட்டிருக்கு எண்டு பாருங்கோ. உங்கட கராஜுக்கு 3000, 4000 லூமென் காணும், அது நல்ல 4 அடி எல்ஈடி ரெண்டு. ஆனா ரெண்டையும் நடுவில போடாதேங்கோ, வெளிச்சம் முழுக்க கார் கூரையில விழும், கதவைத் திறந்து இறங்கிற பக்கம் இருட்டாக் கிடக்கும். காருக்கு ரெண்டு பக்கத்தாலயும் ஒவ்வொண்டு வாற மாதிரிப் போடுங்கோ. தட்டு முட்டு வேலைக்கு மேசை இருந்தா அதுக்கு மேல இன்னொண்டு, அது தனிச் சுவிட்சில.

கேள்வி (மாளிகாவத்தை): நானா, பழைய பிட்டிங்க அப்படியே வச்சிக்கிட்டு எல்ஈடி டியூப் மட்டும் வாங்கி மாட்டலாமா? சோக்க கழட்டணுமா?

பதில்: மாட்டலாம் தம்பி, ஆனா டியூப்போட வாற கடதாசியை வாசிச்சிட்டு. எல்ஈடி டியூப்பில ஒரு பக்கத்தால மட்டும் கரண்ட் எடுக்கிறதும் இருக்கு, ரெண்டு பக்கத்தாலயும் எடுக்கிறதும் இருக்கு. ரெண்டு பக்கத்தால எடுக்கிறதை ஒரு நுனி கொளுவிட்டு மற்ற நுனிப் பின்னில கை பட்டா அடிக்கலாம், அதால சுவிட்ச் மட்டும் காணாது, மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் ஏணியில ஏறோணும். இரும்பு சோக்கோட வேலை செய்யிற டியூப் எண்டா பெட்டிக்குள்ளயே ஒரு டம்மி ஸ்டார்ட்டர் இருக்கும், பழைய ஸ்டார்ட்டரைக் கழட்டிட்டு அதைப் போடுங்கோ. சோக்கைக் கழட்டி வயரை மாத்தினா பிட்டிங்கில ஒரு ஸ்டிக்கர் ஒட்டி "எல்ஈடி மட்டும்" எண்டு எழுதுங்கோ, உங்களுக்குப் பிறகு வாற ஆள் பழைய டியூப்பைக் கொண்டுவந்து மாட்டுவான். என்னைக் கேட்டா பழைய பிட்டிங் துருப்பிடிச்சிருந்தா அதோட மல்லுக்கட்டாம முழு எல்ஈடி பேட்டன் (லைட்டும் பிட்டிங்கும் ஒண்டா வாறது) ஒண்டை வாங்குங்கோ, புறக்கோட்டையில பாத்து வாங்கினா விலை வித்தியாசம் பெரிசில்ல.

கேள்வி (மட்டக்குளி): அண்ணா, மழை பெஞ்சா எங்க வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுது. கராஜ் வாசல் லைட்டாலதான்னு நினைக்கிறேன். வந்து பாத்த ஆள், ட்ரிப் சுவிட்ச பைபாஸ் பண்ணித் தாறேன், தொல்லை இருக்காதுங்கிறார். பண்ணலாமா?

பதில்: தம்பி, தயவுசெய்து பண்ணாதேங்கோ, அந்த ஆளைத் திரும்ப வீட்டுக்குள்ள விடவும் வேண்டாம். ட்ரிப் சுவிட்ச் செய்யிறது ஒரு வேலைதான். லைவால போற கரண்டும் நியூட்ரலால திரும்பி வாறதும் ஒரே அளவா எண்டு பாத்துக்கொண்டே இருக்கும், 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வர முதலே வெட்டிப்போடும். வித்தியாசம் வருது எண்டா கரண்ட் வேற எங்கயோ போகுது, ஈரச்சுவரால போகலாம், ஒரு ஆளின்ர உடம்பாலயும் போகலாம். அது விழுறது அதின்ர பிழை இல்ல, உங்களைக் கூப்பிட்டுச் சொல்லுது.

என்ர மாமா வீட்டில இதேதான் நடந்தது. ஒருத்தர் வந்து பைபாஸ் பண்ணிட்டுப் போனவர், நாலு மாசம் ஒரு தொல்லையும் இல்ல. பிறகு ஒருநாள் மழைக்குள்ள மாமி ஈரக்காலோட வந்து கராஜ் ஷட்டரைப் பிடிச்சவ, வாசல் லைட்டுக்குப் போற வயர் உரிஞ்சு ஷட்டர் சட்டத்தில முட்டிக்கொண்டு இருந்திருக்கு. மாமா மரக்கதிரையால தள்ளி விட்டபடியால உயிர் தப்பினவ, இண்டைக்கும் இடது கையில ரெண்டு விரல் மடங்காது. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அதுக்குப் பிறகுதான்.

இப்ப உங்கட விசயம். ட்ரிப் விழுந்தவுடன பிரேக்கர் எல்லாத்தையும் கீழ போட்டிட்டு ட்ரிப்பைத் தூக்குங்கோ, நிண்டா ஒவ்வொரு பிரேக்கராப் போட்டுப் பாருங்கோ, எதில விழுதோ அந்த லைன். எல்லா பிரேக்கரும் ஆஃபா இருந்தும் விழுதெண்டா நியூட்ரல் எங்கயோ எர்த்தோட முட்டுது, ஏனெண்டா வீட்டு பிரேக்கர் அனேகமா லைவை மட்டும்தான் வெட்டும். அதை மீட்டர் வச்சுத்தான் பாக்கோணும், என்விகியூ (தொழில் தகைமைச் சான்றிதழ்) முடிச்ச ஆளாப் பாத்துக் கூப்பிடுங்கோ. வாசல் லைட்தான் காரணம் எண்டா உள்ளுக்குத் தண்ணி நிக்கும், இல்லாட்டி எறும்பு, பல்லி. ஐபி65 போட்ட, எண்டா தூசும் அடிக்கிற தண்ணியும் உள்ள போகாத, பிட்டிங் வாங்கி, வயரை மேலால விடாம கீழால எடுத்து, உள்ள போக முதல் வயரைக் கொஞ்சம் தொய்ய விடுங்கோ, தண்ணி அதில சொட்டிப் போயிடும். நல்ல ஐபி65 பிட்டிங்கை வாங்கிட்டு மேலால ஒரு ஓட்டை போட்டு வயர் விடுறவை இருக்கினம், அதுக்குப் பிறகு அது ஐபி65 இல்ல.

எல்லாருக்கும் சொல்லுறன், ட்ரிப் சுவிட்சில டெஸ்ட் எண்டு ஒரு பட்டன் இருக்கு, மாசத்துக்கு ஒருக்கா அமத்திப் பாருங்கோ. விழாட்டி மாத்துங்கோ.

கேள்வி (கொட்டாஞ்சேனை): அண்ணா, நான் ஹட்டன் பக்கம், இங்க வாடகைக்கு இருக்கேன். எல்ஈடி பல்ப் போட்ட பொறகு சுவிட்ச ஆஃப் பண்ணாலும் மங்கலா எரியுது. பல்ப் பழுதா?

பதில்: பல்ப் பழுதில்லத் தம்பி. சுவிட்சில சின்னச் சிவப்பு லைட் இருந்தா அதால கசியிற துளிக் கரண்டே எல்ஈடிக்குக் காணும், அதால ஆபத்தில்ல, அந்த லைட் இல்லாத சுவிட்ச் போட்டாச் சரி. ஆனா அப்பிடி லைட் இல்லாத சுவிட்ச் எண்டா கட்டாயம் பாக்கோணும், லைவை வெட்டாம நியூட்ரலை வெட்டுற மாதிரி வயர் பண்ணியிருக்கலாம், பழைய வாடகை வீடுகளில நான் நிறையக் கண்டிருக்கிறன். அப்பிடியெண்டா சுவிட்ச் ஆஃபா இருந்தாலும் ஹோல்டருக்குள்ள 230 வோல்ட் நிக்கும், நீங்க ஆஃப்தானே எண்டு கையை வைப்பீங்கள். வீட்டுக்காரரிட்டச் சொல்லுங்கோ, அரை மணித்தியால வேலை.

கேள்வி (கொலன்னாவை): தண்ணி ஏறுற ஏரியா நாங்க. 2016ல கராஜில இடுப்பளவு தண்ணி. லைட்டுக்கு ஏதாவது விசேசமாச் செய்யணுமா?

பதில்: லைட் மேல இருக்கிறது, பிரச்சினை சுவிட்சும் பிளக் பொயின்ட்டும். 2016இல தண்ணி வந்த அடையாளம் சுவரில இருக்குமே, அதுக்கு மேல ஏத்துங்கோ. கராஜுக்குத் தனி பிரேக்கர், அதை வீட்டுக்குள்ள உயரத்தில வையுங்கோ, தண்ணி வர முதல் நனையாம நிண்டு ஆஃப் பண்ண வேணும். தண்ணிக்குள்ள நிண்டுகொண்டு மெயினைத் தொடவே கூடாது. வடிஞ்ச பிறகும் பொயின்டுகளைத் திறந்து காய விட்டு ஆளைக் கூப்பிட்டுப் பாத்திட்டுத்தான் திரும்பப் போடோணும்.

கேள்வி (பம்பலப்பிட்டி): கடல் பக்கம் வீடு. எந்த எல்ஈடி பல்ப் போட்டாலும் ஆறு மாசம் தாண்டுறதில்ல, பெட்டியில 15,000 மணித்தியாலம்னு இருக்கு. ஏமாத்துறாங்களா?

பதில்: அனேகமா பல்ப்பில பிழை இல்ல ஐயா. எல்ஈடியில முதல் போறது உள்ள இருக்கிற டிரைவர் (எல்ஈடிக்கு ஏத்த மாதிரிக் கரண்டை மாத்திக் குடுக்கிற சின்ன சர்க்கிட்), அதைக் கொல்லுறது சூடு. மூடின கண்ணாடிக் குண்டுக்குள்ள பல்ப், அதுக்கு மேல வெயில் காயிற சீட் கூரை எண்டா எந்த பிராண்டும் நிக்காது. மற்றது உப்புக்காத்து, ஹோல்டர் பின்னில பச்சை பிடிக்கும், தொடுப்பு சரியில்லாம பொறி பறக்கும், அந்தச் சூட்டில பல்ப்பும் போகும் ஹோல்டரும் கருகும். நான் தொடக்கத்தில சொன்ன வீடும் கடல் பக்கம்தான். ஹோல்டரை மாத்துங்கோ, பித்தளைப் பின் உள்ளது, கடல் பக்கத்துக்கு இரும்பு பிட்டிங் வேண்டாம், பிளாஸ்டிக் உடம்புள்ள ஐபி65 பேட்டன் நல்லது.

கேள்வி (கிருலப்பனை): எங்கட கராஜ் கூரை அஸ்பெஸ்டஸ் சீட். லைட்டை எங்க பொருத்துறது?

பதில்: சீட்டில ட்ரில் போடவே போடாதேங்கோ. அந்தத் தூசு நெஞ்சுக்குள்ள போனா பல வருசத்துக்குப் பிறகுதான் வருத்தம் காட்டும். சீட்டைத் தாங்குற மரத்திலயோ இரும்பு பைப்பிலயோ கிளிப் போட்டுக் கொளுவுங்கோ, இல்லாட்டிச் சுவரில போடுங்கோ. எவ்வளவு அவசரக்கார வயர்மன் வந்தாலும் பக்கத்தில நிண்டு பாருங்கோ.

கேள்வி (நாரஹேன்பிட்ட): ரெண்டு பைக் கராஜிலதான் நிக்குது, திருத்துறதும் அங்கதான். கையில பிடிக்கிற லைட் என்ன வாங்கலாம்?

பதில்: சார்ஜ் பண்ற எல்ஈடி லைட் ஒண்டு, சார்ஜில கொளுவாத நேரம் மட்டும் பாவியுங்கோ. பழைய குண்டு பல்ப்பை நீள வயரில கொளுவிக் கொண்டு திரியிறதை விடுங்கோ, அது கையால விழுந்து உடைஞ்சா அந்தச் சூடான கம்பியே பெட்ரோல் ஆவியைப் பத்த வைக்கும். பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம், தரையோட தவழும், காஸும் அப்பிடித்தான். அதால பிளக் பொயின்ட் தரையில இருந்து ஒண்டரை அடிக்கு மேல இருக்கிறது நல்லது. 2022இல கியூவில நிண்டு கேனில சேத்து வச்ச பழக்கம் சில வீடுகளில இன்னும் விடேல்ல, கராஜ் மூலையில போத்தல் போத்தலா நிக்குது. அந்தக் கராஜுக்கு நான் என்ன லைட் சொன்னாலும் பயனில்ல, முதல்ல அதை எடுங்கோ. பெட்ரோல் மணம் அடிச்சா லைட்டைப் போடவும் வேண்டாம் ஆஃப் பண்ணவும் வேண்டாம், கதவைத் திறந்து விட்டிட்டு வெளியில நில்லுங்கோ.

கேள்வி (ராஜகிரிய): டே லைட்டா வார்மா?

பதில்: பெட்டியில கெல்வின் எண்டு போட்டிருக்கிறது வெளிச்சத்தின்ர நிறம், எண் குறைஞ்சா மஞ்சள், அதான் வார்ம், கூடினா வெள்ளை, அதான் டே லைட். வேலை செய்யிற இடத்துக்கு 4000 கெல்வின் கண்ணுக்கு நல்லம், 6500உம் பிழையில்ல. வாசலுக்கு வார்ம், பூச்சி கொஞ்சம் குறைவா வரும். கரண்ட் ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

கேள்வி (வத்தளை): சென்சர் லைட் போட்டன், பூனைக்கும் எரியுது, ரோட்டில பஸ் போனாலும் எரியுது, நான் கார்ல வந்தா மட்டும் லேட்.

பதில்: சென்சர் உங்களை நேரா முன்னுக்குப் பாத்துக்கொண்டு இருக்கு போல. அது பிடிக்கிறது அசையிற சூட்டை, குறுக்கால போறதைக் கெதியாப் பிடிக்கும், நேரா வாறதைப் பிந்தித்தான் பிடிக்கும். பக்கச்சுவரில ஏழு எட்டு அடி உயரத்தில, கார் குறுக்கால போற மாதிரித் திருப்பி, ரோட்டுப் பக்கத்தை ஒரு துண்டு டேப்பால மறையுங்கோ. கீழ மூண்டு திருகாணி இருந்தா, நேரம் ரெண்டு நிமிசம், வெளிச்சம் பொழுதுபட்ட பிறகு மட்டும், உணர்வு பாதிக்குக் கீழ. பூனைக்கு இதுக்கு மேல ஒண்டும் செய்யேலாது.

கேள்வி (கல்கிசை): பழைய சிஎஃப்எல் (சுருள் பல்ப்) ஒண்டு கராஜில விழுந்து உடைஞ்சிட்டு. அதுக்குள்ள பாதரசம் இருக்காமே? மகள் அங்க விளையாடுறவ.

பதில்: கொஞ்சம் இருக்கு தங்கச்சி, சில மில்லிகிராம்தான், பதறாதேங்கோ. ஷட்டரைத் திறந்து கால் மணித்தியாலம் காத்து விடுங்கோ, பிள்ளையை அந்தப் பக்கம் விடவேண்டாம். விளக்குமாறும் வாக்குவமும் வேண்டாம், தூசு பறக்கும். கையுறை போட்டு ரெண்டு மட்டையால வழிச்செடுத்து, மிச்சத்தை டேப்பால ஒத்தி, ஈரத்துணியால துடைச்சு, எல்லாத்தையும் மூடியுள்ள போத்தலில போட்டு தனியா வையுங்கோ. துணியையும் அதோடயே போடுங்கோ, கழுவிப் பாவிக்கவேண்டாம்.