வித்தியாசம் நிஜமா, தற்செயலா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பத்து பேரிடம் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளவெடுத்தேன். டி-சோதனையில் (இரு சராசரிகளின் வித்தியாசத்தைச் சோதிக்கும் கணக்கு) பி-மதிப்பு, அதாவது வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு, வழக்கமான வரம்பான 0.05-ஐத் தாண்டிவிட்டது. பலனில்லை என்று எழுதிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். இரண்டையும் தனித்தனிக் குழுவாக வைத்துக் கணக்குப் போட்டீர்களா என்று முதலில் பாருங்கள். உங்களிடம் இருப்பது ஒரே ஆட்களின் இரண்டிரண்டு அளவுகள்; அதற்கு இணை டி-சோதனைதான் சரி.

டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த கோசெட், 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய, இந்தச் சோதனைக்கு அடித்தளமான கட்டுரையிலேயே இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. 10 பேருக்கு இரண்டு தூக்க மருந்துகள். கூடுதலாகக் கிடைத்த தூக்கம் சராசரியாக முதல் மருந்தில் 0.75 மணி, இரண்டாவதில் 2.33 மணி. தனிக் குழுக்களாக வைத்தால் பி-மதிப்பு 0.08-ஐ ஒட்டி வரும். ஒவ்வொருவரின் இரண்டு அளவுகளையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்த்தால் 0.003-தான். ஒன்பது பேர் இரண்டாவது மருந்தில்தான் அதிகம் தூங்கினார்கள், ஒருவருக்கு மட்டும் சமம். மருந்து வேலை செய்வதில் ஆளுக்கு ஆள் இருந்த பெரிய ஏற்ற இறக்கம் இந்த உண்மையை மறைத்திருந்தது, கழித்ததும் விலகிவிட்டது.

எக்செலில் டி-சோதனைக்கான டி.டெஸ்ட் (T.TEST) சூத்திரம் கடைசியில் 1, 2, 3 என்று ஒன்றைக் கேட்கிறதே?

1 இணை அளவுகளுக்கு. வேறு வேறு ஆட்கள் என்றால் 3 போடுங்கள்; இரு பக்கமும் சிதறல் (அளவுகள் சராசரியிலிருந்து விலகிப் பரவியிருப்பது) சமமாக இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்ப்பதில்லை, 2 எதிர்பார்க்கும். சமம்தானா என்று முதலில் ஒரு சோதனை நடத்தி, அப்புறம் 2-க்குப் போகும் வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை.

பி-மதிப்பு 0.03. அப்படியென்றால் என் முடிவு 97 சதவீதம் சரிதானே?

இல்லை. உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவோ இதைவிடப் பெரிதாகவோ ஒரு வித்தியாசம் தற்செயலாக வர 100-க்கு 3 வாய்ப்பு. அவ்வளவுதான். வித்தியாசம் எத்தனை பெரியது என்பதையும் அது சொல்லாது. சராசரி வித்தியாசத்தையும், அதன் உண்மை அளவு எதற்கும் எதற்கும் இடையில் இருக்கலாம் என்று காட்டும் நம்பக இடைவெளியையும் சேர்த்துக் கொடுங்கள்.

20 அளவுகளை ஒப்பிட்டதில் ஒன்றுக்கு மட்டும் 0.04 வந்தது. அதை மட்டும் போடச் சொல்கிறார் வழிகாட்டி.

தயவுசெய்து வேண்டாம். எதிலுமே வித்தியாசம் இல்லாதபோதும், ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளில் ஒன்றாவது 0.05-க்குக் கீழே வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. இருபதையும் அட்டவணையில் காட்டுங்கள். 0.05-ஐச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுக்கும் பான்ஃபெரோனி திருத்தப்படி வரம்பு 0.0025, உங்கள் 0.04 அதன் கிட்டேகூட வராது.