கீழுதட்டில் பியர்சிங் செய்ய ஆசை. ஆபத்து உண்டா? எப்படிப் பராமரிப்பது?

ஹட்டனில் இருந்து கேட்டிருக்கிறீர்கள் தங்கச்சி, வீட்டில் பயமுறுத்துகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நானும் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள்தான். கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்த காலத்தில் கீழுதட்டுக்குக் கீழே குத்திக்கொண்டேன். இப்போது அது இல்லை. ஏன் இல்லை என்பதை முதலில் சொல்கிறேன்.

குத்திய முதல் மூன்று நான்கு நாள் உதடு நன்றாக வீங்கும். அந்த வீக்கத்துக்கு இடம் விட்டுத்தான் ஆரம்பத்தில் நீளமான கம்பி போடுகிறார்கள். வீக்கம் வற்றி இரண்டு மூன்று வாரத்தில், குத்தியவரிடமே போய்க் குட்டையான கம்பிக்கு மாற்ற வேண்டும். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. வெளியே காயம் இரண்டு மாதத்தில் ஆறிவிட்டதால் எல்லாம் சரி என்று நினைத்து, இரண்டு வருடம் அதே கம்பியோடு இருந்தேன். பேசும்போதும் சாப்பிடும்போதும் கம்பியின் உள்முனையில் இருந்த சின்னத் தட்டு கீழ் ஈறில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. துளி வலி இல்லை. பல் வைத்தியர் கண்ணாடியில் காட்டியபோதுதான் பார்த்தேன்: முன்பல் ஒன்றின் ஈறு இறங்கி வேர் தெரிந்தது. இறங்கிய ஈறு தானாக மேலே வளராது. அன்றே கழற்றினேன்.

குட்டைக் கம்பி போட்டாலும் இந்த ஆபத்து குறையுமே தவிர முழுதாகப் போகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈறைக் காட்டுங்கள். நாக்கால் தள்ளுவது, பல்லால் கடிப்பது என்று பழகிவிட்டால் பல்லின் ஓரமும் உடையலாம்.

எங்கள் அம்மாச்சி, "நாங்க மூக்கு குத்தலையா?" என்பார். மூக்கு வேறு, வாய் வேறு. வாய்க்குள் எந்நேரமும் கிருமிகள் உண்டு. சிறு வயதில் வாதக்காய்ச்சல் வந்து இதய வால்வு பாதிக்கப்பட்டவர்கள் வைத்தியரைக் கேட்காமல் குத்தவே கூடாது. கிருமி இரத்தத்தில் கலந்து வால்வில் தங்கிவிடலாம். நீரிழிவு உள்ளவர்களும் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

காது குத்தும் துப்பாக்கி போன்ற கருவியால் (கன்) உதட்டில் குத்த வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அதைச் சரியாகக் கிருமிநீக்க முடியாது. புது ஊசியின் உறையை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும், புதுக் கையுறை போட வேண்டும். சுத்தமில்லாத ஊசியால் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் தொற்றலாம். கம்பி, உடலுக்குள் பொருத்தும் தரத்து டைட்டேனியமாக இருக்கட்டும். மலிவுக் கம்பியில் உள்ள நிக்கல் பலருக்கு ஒத்துக்கொள்ளாது.

காயம் ஆற ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு மூன்று மாதமும் எடுக்கும். வெளிப்பக்கத்தை நாளைக்கு இரண்டு முறை பார்மசி சேலைனால் துடையுங்கள். பீலியில் வழியும் ஊற்றுத்தண்ணீர் வேண்டாம். சாப்பிட்ட பின் ஸ்பிரிட் கலக்காத மௌத்வாஷால் கொப்பளியுங்கள். மஞ்சள், தேங்காயெண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைட் எதையும் துளையில் பூச வேண்டாம். தை மாசக் குளிரில் உதடு வெடித்தால் வாஸ்லினை உதட்டில் மட்டும் தடவுங்கள். நம்மூரில் கஷ்டமானது சுடச்சுடத் தேத்தண்ணி. முதல் சில நாளுக்கு ஆறவைத்தே குடியுங்கள், உறைப்பான கட்டசம்பலும் வேண்டாம். ஆறும்வரை வெற்றிலை, சிகரெட், முத்தம் மூன்றும் தள்ளி இருக்கட்டும்.

துளையோரம் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டுவது வழமைதான். சிவப்பு பரவினால், மஞ்சளோ பச்சையோ சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாய்க்குள் வீங்கி விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமென்றால் இரவானாலும் காத்திருக்க வேண்டாம். பயத்தில் கம்பியை நீங்களே கழற்றிவிடாதீர்கள். துளை மூடிச் சீழ் உள்ளேயே அடைபடும். கம்பியோடு போங்கள், கழற்றுவதா என்று வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும்.