சர்க்கரை இல்லாதவருக்கு எதற்குச் சர்க்கரை மாத்திரை?

கேள்வி: எனக்கு 29 வயது. இரண்டு அக்குளிலும் தொடை இடுக்கிலும் மாறி மாறிக் கட்டி வந்து பழுத்துச் சீழ் வடிகிறது. லோக்கல் டிரெயினில் கைப்பிடியைப் பிடிக்கக் கையைத் தூக்க முடியவில்லை. அம்மா சூட்டுக் கட்டி என்கிறார். அறுத்து எடுத்தும் பக்கத்திலேயே மறுபடி வருகிறது. தோல் டாக்டர் ‘ஹைட்ராடெனிடிஸ்’ என்று சொல்லி, டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கோடு, சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினும் எழுதியிருக்கிறார். எனக்குச் சர்க்கரையே இல்லை, சாப்பிடலாமா? மூட்டுவாத ஊசிதான் சரி என்கிறார் ஒரு நண்பர்.

– வாசகர், செம்பூர், மும்பை

பதில்: டாக்டர் உங்களைப் பார்த்து எழுதியதுதானே, தாராளமாகச் சாப்பிடலாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடாது. முதல் சில வாரம் வயிறு கொஞ்சம் படுத்தும், அதனால் சாப்பாட்டோடு போடுங்கள். டாக்சிசைக்ளினை நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள்.

இது சூடும் இல்லை, அழுக்கும் இல்லை, ஒட்டவும் ஒட்டாது. மயிர்க்காலின் வாய் அடைத்து, உள்ளேயே வெடித்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மீறிப் பாய்வதால் வரும் அழற்சி, அதனால்தான் மேலே கீறிச் சீழை எடுத்தாலும் அடியில் ஓடும் புரை அப்படியே இருந்து திரும்ப வருகிறது. டாக்சிசைக்ளின் இங்கே முக்கியமாக அழற்சியைத் தணிக்கத்தான். மெட்ஃபார்மினுக்கு இருப்பது சின்னச் சின்ன ஆய்வுகள்தான், சிலருக்குக் கேட்கிறது, சிலருக்கு இல்லை. மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள், புதிதாக எத்தனை கட்டி வந்தது என்று போனில் குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு நோயின் மருந்து இன்னொன்றுக்கு உதவுவது புதிதல்ல. முடிக்குத் தடவும் மினாக்சிடில் பிரஷர் மாத்திரையாக வந்தது. மூட்டுவாதத்துக்கு வந்த பாரிசிட்டினிப், 2022-இல் தீவிரப் புழுவெட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

நண்பர் சொன்ன ஊசி அடாலிமுமாபாக இருக்கும். 2015-லிருந்தே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உங்கள் நோய்க்கு அனுமதி உண்டு, இந்தியத் தயாரிப்பும் கிடைக்கிறது, ஆனாலும் செலவு அதிகம். அது மாத்திரைக்கு அடங்காதபோது வரும் அடுத்த படி. அதைவிட முக்கியம், உள்ளே உறங்கும் டி.பி.யை அது எழுப்பிவிடலாம், நம் ஊரில் இது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. மார்பு எக்ஸ்ரேயும் டி.பி. பரிசோதனையும் இல்லாமல் யார் போட வந்தாலும் கையை நீட்டாதீர்கள்.

அப்புறம், சிகரெட் பிடிப்பீர்களா என்று எழுதவில்லை. இந்த நோய்க்கும் அதற்கும் நெருக்கம் அதிகம், பிடித்தால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.